மூன்று மெய்யப்பன்களும் ஒரு வெள்ளிக்குடமும்

அன்புள்ள மெய்யப்பனுக்கு,

உன் கடிதமும், வானொலி நிலையம் திருப்பி அனுப்பிய உன் நாடகமும், அவர்களுக்கு நீ எழுதி வைத்திருக்கும் பதிலும் நேற்றுத் தபாலில் ஒன்றாக வந்து சேர்ந்தன. எதை முதலில் படிக்க வேண்டும், எதை அடுத்துப் படிக்க வேண்டும் என்று எண் போட்டிருந்தாய். நான் உன் பதிலைத்தான் முதலில் படித்தேன். கோபத்தில் எழுதியதைச் சூடு ஆறுவதற்குள் படித்துவிட வேண்டும், ஆறிப்போனால் சிரிப்பு வந்துவிடும். "தங்கள் சிவப்பு மைக்குத் தாய்மையைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டிருக்கிறாய். சிவப்பு மைக்குத் தெரியாதுதான். நீ எழுதிய பச்சை மைக்கும் தெரியாது. மொழியைத் திருத்தித் தரச் சொன்னாய். ஓர் ஒற்று அதிகமாக இருந்தது, எடுத்துவிட்டேன். மற்றபடி பிழை இல்லை. அனுப்பக் கூடாது என்பது ஒன்றுதான் குறை.

அந்த அதிகாரி எழுதிய குறிப்பையும் படித்தேன். நாடகத்தில் வரும் தாய் மகன் ஊரைவிட்டுப் போகும்போதுகூட வாய் திறக்கவில்லை, இப்படி ஒரு தாயை நேயர்கள் நம்ப மாட்டார்கள், கடைசிக் காட்சியில் அவள் அழுவதாக மாற்றி இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பினால் மறுபடி பார்க்கலாம் என்கிறார். நீ மாற்ற மாட்டேன் என்கிறாய். நாடகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், இனி எழுதப்போவதும் இல்லை என்கிறாய். அந்தத் தாய் யார் என்று கேட்டு உன்னைச் சங்கடத்தில் மாட்டிவிட எனக்கு விருப்பமில்லை. எதைக் கேட்டாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "சரி" என்று மட்டும் சொல்கிற, கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிற அம்மாக்கள் காரைக்குடியில் அதிகம் பேர் இல்லை. நான் திருத்தித் தரும்வரை பதிலைத் தபாலில் போட மாட்டேன் என்று நீயே எழுதியிருப்பதால், இதை எழுத எனக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது.

நானும் ஒரு காலத்தில் வானொலிக்கு நாடகம் எழுதினேன் என்பது உனக்குத் தெரியும். அது எப்படி நடந்தது என்பது தெரியாது. அப்போது உனக்குப் பம்பரம் விடுவதைத் தவிர வேறு உலகம் இல்லை. அண்ணன் தம்பி மூன்று குடும்பமும் சேர்ந்திருந்த நம் வளவில் அன்றைக்கு மூன்று அடுப்பு எரிந்தது, நினைவிருக்கும். உன் இரண்டு பெரியாத்தாக்களுக்கும் எனக்குமாகத் தனித்தனிச் சமையல், எல்லோருக்கும் சேர்த்து ஒரே ரேடியோ. ஒருநாள் ஒலிபரப்பான ஒரு நாடகத்தைக் கேட்டுவிட்டு, இதைவிட நன்றாக நானே எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குள் சொல்லிக்கொண்டதாகத்தான் நினைத்தேன். மூத்தவர் உமையாள் ஆச்சிக்குக் கேட்டுவிட்டது. "எழுதுறது. யாரு கையைப் புடிச்சுக்கிட்டிருக்கா?" என்றார். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து என்னை அவர் "எம்.ஏ." என்றுதான் கூப்பிடுவார். "ஏ எம்.ஏ., உங்க வீட்டுக் குழம்பு தீயுது" என்று முற்றத்தைத் தாண்டிக் குரல் வரும். தீயத்தான் செய்யும். ஆகவே எழுதி ஆக வேண்டியதாயிற்று.

நம் வீட்டுக் கல்யாணங்களில் சாமான் பரப்புவதைப் பற்றி எழுதினேன். பெண்ணுக்குக் கொடுக்கிற வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், பாய், தலையணை என்று எல்லாவற்றையும் பட்டாலைக் கூடத்தில் வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். உறவுப் பெண்கள் வந்து பார்ப்பார்கள். பார்ப்பது என்றால் வெறுமே பார்ப்பது அல்ல, பரீட்சைத் தாளைத் திருத்துவது மாதிரி. என் நாடகத்தில் பெண்ணின் தாய் ஒரு வெள்ளிக்குடத்தை இரவல் வாங்கி வந்து நடுவில் வைத்திருப்பாள். யாராவது கண்டுபிடித்துவிட்டால் மானம் போய்விடும். உறவுப் பெண்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், ஒருத்தி குடத்தின் முன்னால் நிற்கிறாள், யாரும் பேசவில்லை, ஒரே அமைதி. அதுதான் உச்சக்கட்டம். எழுதி முடித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதி, நகல் எடுத்து, திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய உறையும் வைத்து அனுப்பினேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு கனத்த உறை வந்தது. நான் கல்லூரியில் இருந்தேன். தபால்காரர் அதைக் கையில் எடை பார்த்து, "ஆச்சி, நல்ல கனமா வந்திருக்கு" என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நம் வீட்டுப் பெண்களுக்குக் கனமாக வருகிற எதுவும் நல்லதுதான். சீர்ச் சாமான் அப்படி, பலகாரத் தூக்கு அப்படி, தபால் மட்டும் வேறு மாதிரியாக ஏன் இருக்கப்போகிறது? நான் வீடு திரும்பியபோது மூன்று அடுப்பிலும் விசேஷம். உமையாள் ஆச்சி கவுனரிசி செய்திருந்தார். இளைய பெரியாத்தா சிகப்பி ஆச்சி வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தார். உன்னைப் பெற்ற அப்பச்சி உறையைப் பிரித்து, உள்ளே இருந்த துண்டுச்சீட்டை வெகு நேரம் பார்த்தார்கள். பிறகு மெதுவாக, "பயன்படுத்த இயலாமைக்கு வருந்துகிறோம்னு போட்டிருக்கு" என்றார்கள். உமையாள் ஆச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, "வருத்தப்படுறாகளா? நல்ல மனுசருதான்" என்றார். கவுனரிசி வீணாகவில்லை. அதில் பெரும்பகுதியைத் தின்றவன் நீ.

அந்தத் துண்டுச்சீட்டு என்னை உறுத்தியது. அச்சடித்த சீட்டு, யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். என் நாடகத்தை ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள் என்று முடிவு செய்தேன். படித்தவளுக்கு வரும் சந்தேகம் படிக்காதவளுக்கு வருவதைவிட மோசமானது, அதற்கு நிரூபணம் வேண்டியிருக்கிறது. ஆகவே நாடகத்தை அப்படியே மறுபடி படியெடுத்து, நடுவில் இரண்டு பக்கங்களைச் சோற்றுக் கஞ்சி தொட்டு லேசாக ஒட்டி அனுப்பினேன். ஒட்டியபடியே திரும்பி வந்தால் அந்த நிலையத்துக்கு இப்போது நீ எழுதியிருப்பதைப் போல ஒன்று எழுதுவதாக இருந்தேன். வாசகங்கள்கூடத் தயார். உறை மறுபடியும் கனமாகத்தான் வந்தது. பக்கங்கள் பிரிந்திருந்தன. ஓரத்தில் சின்னக் கையெழுத்தில், "இவ்விரு பக்கங்களும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்தேன்" என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவர் எதிரே நின்றிருந்தால் நான் கண்ணாடியைக் கழற்றித்தான் துடைத்திருப்பேன்.

மற்ற பக்கங்களிலும் குறிப்புகள் இருந்தன. "வெள்ளிச் சாமான்கள் பளபளக்கின்றன" என்று நான் ஒலிக்குறிப்பு எழுதியிருந்த இடத்தில், "பளபளப்புக்கு என்ன ஒலி?" என்று கேட்டிருந்தார். உச்சக்கட்ட அமைதிக்குப் பக்கத்தில், "வானொலியில் யாரும் பேசாவிட்டால் நேயர்கள் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள்" என்று எழுதி, குடத்தைப் பார்க்கிறவள் "ஆகா, என்ன அழகான வெள்ளிக்குடம், ஐயோ, இது இரவல் குடமாயிற்றே" என்று சொல்வதாக மாற்றலாம் என்று யோசனையும் சொல்லியிருந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: "நாடகத்தில் மெய்யப்பன் என்ற பெயரில் மூன்று பேர் பேசுகிறார்கள். மூவரும் ஒருவரா? இல்லையெனில் சோமு, ராமு, கோபு என்று மாற்றலாம்."

இதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தை நீ நன்றாகப் புரிந்துகொள்வாய். மூத்த மகனுக்கு அப்பச்சியைப் பெற்ற ஐயா பெயரை வைப்பது நம் வழக்கம். உன் ஐயாவுக்கு மகன்கள் மூன்று பேர், மூன்று வீட்டிலும் தலைப்பிள்ளை ஆண், ஆகவே ஒரே வளவில் மூன்று மெய்யப்பன். உண்மையில் இருப்பதை எழுதினேன். சோமுவும் ராமுவும் கோபுவும் எங்கிருந்து வந்தார்கள்? முகம் தெரியாத ஒரு பெட்டிக்குள்ளிருந்து மூன்று மெய்யப்பன்கள் பேசினால் கேட்கிறவன் என்ன செய்வான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் அதற்குள்ளேயே இருந்தோம்.

கோபம் ஆறியபின், போகட்டும், இரண்டு பெயரை மாற்றி ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எந்த ஒன்றை என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. நாடகத்தில் வருகிற மூன்று பேரும் யார் யார் என்று பெரியாத்தாக்கள் இருவரும் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார்கள். அதோடு, நம் வீட்டு மருமக்கள் யாரும் மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். எழுதலாம், சொல்லக்கூடாது. நானும் உன்னை இன்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆகவே அந்தச் சண்டை இப்படி நடந்தது.

"மூத்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்தப் பேரு. அவனுக்கே வச்சிரு" என்றார் உமையாள் ஆச்சி.

"எந்தப் பேரு?" என்று கேட்டார் சிகப்பி ஆச்சி, தெரியாதவர் மாதிரி.

"அதான், அந்தப் பேரு."

"அப்ப எம் மகன் என்ன, கோபுவா? எங்க வீட்டுல கோபுன்னு யாரு இருந்தா? ஐயா படத்துக்கு முன்னாடி நின்னு சொல்லுங்க ஆச்சி, எம் பிள்ளை கோபுன்னு."

"நானா கோபுங்கிறேன்? ரேடியோக்காரவுக சொல்லீட்டாக."

"ரேடியோக்காரவுக சொன்னா, அடுத்த வீட்டுப் பேரையெல்லாம் நம்ம பிள்ளைக்கு வச்சுருவீகளா?"

நான் நடுவில், என் மகனே கோபுவாக இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அது இருவரையும் ஒன்று சேர்த்தது. "பாத்தியா, படிச்ச கொழுப்பை" என்றார் உமையாள் ஆச்சி. "மாமனார் பேரை விட்டுக் குடுக்குறா" என்றார் சிகப்பி ஆச்சி. அதோடு விட்டிருந்தால் அந்த நாடகம் அன்றைக்கே பரணுக்குப் போயிருக்கும். எழுதியவளே கைவிட்டுவிட்டாள் என்று அதிகாரியும் அடுத்த கட்டைப் பிரித்திருப்பார். நானும் உள்ளே எழுந்து போகத்தான் பார்த்தேன். ஆனால் உமையாள் ஆச்சி, தன் மகனையே கூப்பிட்டு நியாயம் கேட்கப்போவதாகச் சொல்லி, முற்றத்தின் நடுவில் நின்று, "தம்பீ" என்று ஒரு குரல் கொடுத்தார்.

மாடியிலிருந்து, "என்ன ஆத்தா?" என்று ஒரு குரல். கிணற்றடியிலிருந்து, "என்ன பெரியாத்தா?" என்று இன்னொன்று. இரண்டாம்கட்டுச் சமையலறையிலிருந்து, வாய் நிறைய எதையோ அடைத்துக்கொண்டு, "வாரேன்" என்று மூன்றாவது. அது நீதான். உமையாள் ஆச்சி மூன்று பக்கமும் திரும்பிப் பார்த்தார். "உன்னை இல்லடா, அவனை" என்று பொதுவாகச் சொன்னார். மூன்று பேரும், "யாரை?" என்றீர்கள். சிகப்பி ஆச்சிதான் முதலில் சிரித்தது. நான் பென்சிலைத் தேடிக்கொண்டு ஓடினேன். நான் ஓடியதை அந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

அந்தக் காட்சியை அப்படியே எழுதினேன். நாடகத்தில் மெய்யப்பன் என்ற பெயரே வரவில்லை. "தம்பீ" என்று ஓர் அழைப்பு, தூரத்திலிருந்தும் பக்கத்திலிருந்தும் மூன்று பதில். அதன்பின் யார் எந்தக் குரல் என்பதில் கேட்கிறவனுக்குச் சந்தேகமே வராது. வெள்ளிக்குடத்தின் முன்னால் நின்றவளை "ஆகா, ஐயோ" என்று கூவ விடவில்லை. குடத்தை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்ட வைத்தேன். கணீரென்று ஒரு சத்தம். அவள் இன்னொரு முறை தட்டுகிறாள். "இந்தச் சத்தம் எங்க வீட்டுச் சத்தமாச்சே" என்கிறாள். அவ்வளவுதான். பளபளப்புக்கு ஒலி கிடைத்துவிட்டது.

நான் உனக்குச் சொல்ல வந்தது இதைத்தான். அந்த அதிகாரி சொன்ன மருந்து எதுவும் என் நாடகத்துக்கு ஆகவில்லை. சோமுவையும் ராமுவையும் கோபுவையும் சேர்த்திருந்தால் நான் இந்த வளவில் குடியிருந்திருக்க முடியாது. ஆனால் வலி இருக்கிறது என்று அவர் விரல் வைத்த இடம் ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. படிக்கிறவருக்கு எங்கே தடுக்குகிறது என்பது தெரியும். அதை எப்படிச் சரி செய்வது என்பது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை, அது எழுதினவருடைய வேலை. நாம் மருந்து பிடிக்கவில்லை என்பதற்காக வலியையே இல்லை என்று சொல்லிவிடுகிறோம். என் மாணவிகளின் தாள்களைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்துவிட்டு, அவர்கள் முகம் சுண்டினால் நான் எரிச்சல்படுவேன். எனக்கு அது நடந்தபோது நான் கஞ்சி தொட்டுப் பக்கங்களை ஒட்டினேன்.

ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும் உறை மெல்லியதாக வந்தது. ஒரே ஒரு ஒப்பந்தத் தாள். தபால்காரரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் கொடுத்தார். உமையாள் ஆச்சி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப மெலிஞ்சு வந்திருக்கு. மனசை விடாதே எம்.ஏ." என்று என்னைத் தேற்றினார். விஷயத்தைச் சொல்லி நம்ப வைக்க உன் அப்பச்சிக்கு நேரம் பிடித்தது. ஒலிபரப்பான அன்று பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து முற்றத்தை நிறைத்துவிட்டார்கள். மூன்று குரல்களும் பதில் சொன்னபோது எழுந்த சிரிப்பில் அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை. முடிந்ததும் உமையாள் ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மூத்தவ ரொம்ப வாயாடி. நம்ம வீட்டுல அந்த மாதிரி யாரு இருக்கா?" 

அதற்குப் பிறகு எழுதியவற்றில் சிலதை எடுத்துக்கொண்டார்கள், சிலதைத் திருப்பினார்கள். திருப்பியவற்றுள் ஒன்று எனக்கு இன்றும் பிடித்தது. அது ஏன் திரும்பி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை, அச்சடித்த சீட்டு மட்டும் வந்தது. எல்லா மறுப்பிலும் பாடம் இருக்கிறது என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. சில மறுப்புகளில் தபால்தலை மட்டும்தான் இருக்கும். ஆனால் உனக்கு வந்திருப்பது அப்படிப்பட்டது அல்ல. ஒரு மனிதர் உட்கார்ந்து, படித்து, கடைசிக் காட்சியில் தடுக்கி, அதைக் கைப்பட எழுதியும் இருக்கிறார். அந்த மனிதருக்கு நீ இந்தப் பதிலை அனுப்பினால் அடுத்த முறை அவரும் அச்சடித்த சீட்டைத்தான் எடுப்பார். ஆகவே உன் பதிலை நான் திருப்பி அனுப்பவில்லை. ஒற்றுப்பிழை திருத்திய நல்ல பிரதி, இங்கே பத்திரமாக இருக்கட்டும்.

இனி உன் கடைசிக் காட்சி. "தாய் பேசாமல் நிற்கிறாள்" என்று எழுதியிருக்கிறாய். ரயில் நகர்கிறது. மகன் கையசைக்கிறான். "தாய் இப்போதும் பேசாமல் நிற்கிறாள்" என்று மறுபடி எழுதியிருக்கிறாய். வானொலியில் ஒரு தாய் ஒரு முறை பேசாமல் நிற்பதே யாருக்கும் தெரியாது, இரண்டாம் முறை பேசாமல் நிற்பது எப்படித் தெரியும்? அந்த இடத்தில் ஒன்று குறைகிறது என்று அதிகாரி சொன்னது சரி. அவளை அழவைக்கச் சொன்னது சரியில்லை. நான் அழுதிருந்தால் நீ பயந்துபோய் வண்டியைவிட்டு இறங்கியிருப்பாய். ஆனால் அதை மறுப்பதற்கு நீ சொல்லியிருக்கும் காரணம் இருக்கிறதே, எங்கள் ஆத்தா ஒன்றுமே சொல்லவில்லை, நடந்ததைத்தான் எழுதினேன் என்பது, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் சொன்னேன். "சன்னலை இறக்கி விட்டுக்க தம்பி, கண்ணுல கரி விழும்" என்றேன். நீ சரி என்று தலையாட்டினாய், இறக்கவில்லை. வண்டி நகர்ந்தபோது மறுபடி சொன்னேன். நீ கையசைத்துக்கொண்டிருந்தாய். வண்டியோடு கூடவே நடந்து, பிளாட்பாரம் சரிந்து இறங்குகிற இடம்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். உன் அப்பச்சி பின்னால் வந்து, "வண்டி போயிருச்சு. யார்கிட்டப் பேசிக்கிட்டிருக்கே?" என்று கேட்டார்கள்.

இஞ்சின் போட்ட சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது, அதனால் விட்டுப்போயிற்று. அந்த வசனத்தைச் சேர்த்து, மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடு. ரயில் சத்தத்தை அந்த இடத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லி, மறக்காமல் ஓரத்தில் குறிப்பு எழுது.

ஆத்தா